இரும்புத்தாடி செத்த ஞாயிற்றுக்கிழமை

ஸ்கூல் வேனில் ஆயா வேலை பார்ப்பவளை வெளியில் யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. வேனுக்குள் கதையே வேறு. வேன் ஆயா படியில் நின்று "ம்" என்று ஒரு தடவை சொன்னால் அத்தனை பிள்ளைகளும் கப்சிப். ஓட்டுநரே ஹாரனை யோசித்துத்தான் அடிப்பார். ஜன்னலோரம் யாருக்கு, வாந்தி எடுக்கிறவன் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவள் போட்ட சட்டம். ஏறும் முன் எல்லாரும் பாத்ரூம் போயிருக்க வேண்டும். ஏறியதும் இரண்டு மடக்குத் தண்ணீர். இறங்கினால் ஜோடி ஜோடியாகக் கைகோத்து வரிசை. தள்ளுகிறவன் கடைசிக்குப் போக வேண்டும், அப்பன் யாராக இருந்தாலும் சரி.

வீட்டுக்குள் நுழைந்தால் அந்த அதிகாரமெல்லாம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும். அவள் கணவர் கேஸ் ஏஜென்சியில் புகார் போன் எடுக்கிறவர். தெருவில் எல்லாருக்கும் அவர் கேஸ்காரர். "சிலிண்டர் வரல, ரெகுலேட்டர் கசியுது" என்று நாள் முழுக்க ஊரே அவர் காதில் கத்தும். பாவம், வீட்டுக்கு வந்ததும் அந்தக் காதை இழுத்து மூடிவிடுவார். மின்விசிறி சத்தம் போடுகிறது என்று வேன் ஆயா சொன்னால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க புகார் பதிவாயிடுச்சு" என்பார். அதோடு சரி. முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் பதிவான புகார்கள் எல்லாம் எங்கே போயின என்பது அவருக்கே வெளிச்சம்.

மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். அதைத் தூசி தட்டப் போன இடத்தில்தான் வேன் ஆயாவின் வாழ்க்கை தடம் மாறியது. துணி பட்டு ஏதோ ஒரு பட்டன் அழுந்தி, திரையில் மலையும் காடும் கோட்டையுமாக ஓர் உலகம் திறந்துகொண்டது. மகன் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு. லட்சக்கணக்கான பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே உள்ளே போய், ஒரே காட்டில் திரிந்து, கூட்டம் சேர்ந்து பூதத்தையும் பறக்கும் பாம்பையும் அடிக்கிற சமாச்சாரம். யாராக உள்ளே வர விருப்பம் என்று அது கேட்டது. வேன் ஆயா, எப்படி மூடுவது என்று தெரியாமல், 'அடுத்து' 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனாள். கடைசியில், பீரோ அளவுக்குத் தோள், முட்டிவரைக்கும் தாடி, கையில் கோடரியோடு ஒரு ராட்சசன் வந்து நின்றான். பெயரையும் விளையாட்டே வைத்துவிட்டது: இரும்புத்தாடி.

"நல்லாத்தான் இருக்கான்" என்று வேன் ஆயா அன்றைக்கு நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் உள்ளே போக ஆரம்பித்தாள். அங்கே ஒரு சின்னப் படையில் சேர்ந்தாள். அந்தப் படை எல்லாரிடமும் உதை வாங்குவதற்கென்றே பிறந்த படை. ஒருவன் முன்னால் ஓடுவான், ஒருவன் புதையலைப் பொறுக்கப் போவான், பூதம் வரும் நேரத்தில் ஒருவன் "ஒரு நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வந்துடுறேன்" என்று எழுதிவிட்டுக் காணாமல் போவான். வேன் ஆயாவுக்கு இதைவிடப் பழக்கமான காட்சி உலகத்தில் கிடையாது. ஒரு நாள் பொறுமை இழந்து ஒற்றை விரலால் தட்டினாள்: "குகைக்குள்ள போறதுக்கு முன்னாடி எல்லாரும் பாத்ரூம் போயிட்டு வாங்க. தண்ணி குடிங்க. ஜோடி ஜோடியா நில்லுங்க. தள்றவன் கடைசி."

அன்றைக்குத்தான் அந்தப் படை முதன்முதலாக ஜெயித்தது. அதற்கப்புறம் ஜெயித்துக்கொண்டே இருந்தது. இரும்புத்தாடி தளபதி ஆனான். மைக் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு வேன் ஆயா எழுத்திலேயே பேசினாள்; குரல் கொடுத்தால் தாடிக்கு ஒத்துவராதே. அண்ணன் ராணுவத்தில் இருந்தவர் என்று படைக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மனுஷிக்கு அது பிடித்திருந்தது. அவள் ஒன்று சொன்னால் ஊர் பேர் தெரியாத நூறு பேர் அதைக் கேட்டு நடக்கிற இடம், வேனை விட்டால், அது ஒன்றுதான்.

இந்தச் சமயம் பார்த்து அவளுக்குக் கண்ணில் புரை முற்றி ஆபரேஷன் செய்யும்படி ஆனது. ஒரு மாதத்துக்குக் கம்ப்யூட்டர் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரும்புத்தாடியின் குதிரைக்கு யார் தீனி போடுவது? படையின் வைத்தியன் மருந்துமாமாவிடம் உள்ளே நுழையும் ரகசிய எண்ணைக் கொடுத்தாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வீட்டுப் போன் எண்ணையும் கொடுத்தாள். வீட்டுப் போன் என்றால் கேஸ்காரரின் போன்தான்.

இங்கே கேஸ்காரரின் கெட்ட பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடன் வேணுமா, கார்டு வேணுமா என்று யாராவது போனில் பெயர் சொல்லிக் கேட்டால், "அவர் செத்துட்டாரு" என்று சொல்லி வைத்துவிடுவார். அதைவிடச் சுருக்கமாக ஒரு போனை முடிக்க வழியில்லை என்பது அவர் அனுபவம். இந்த வகையில் தன்னையே பலமுறை சாகடித்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது போன் வந்தது. "இரும்புத்தாடி அண்ணன் இருக்காருங்களா? எப்ப வருவாரு?" என்று ஒரு குரல். எவனோ இரும்புக்கடைக்காரன் என்று நினைத்துக்கொண்டு, கண்ணைக்கூடத் திறக்காமல், "அவர் செத்துட்டாரு" என்றார்.

எதிர்முனையில் போன் வைக்கப்படவில்லை. குலுங்கிக் குலுங்கி அழும் சத்தம் கேட்டது. "எங்கங்க வீடு?" என்றது குரல் அழுகையோடு. யாராவது வீடு எங்கே என்று கேட்டால் கேஸ்காரர் வாய் தானாக ஓடும், தொழில் அப்படி. கதவு எண், தெரு, மாடி, "டயர் கடைக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட்டு, நாய் இல்ல" என்று அடையாளத்தோடு ஒப்பித்துவிட்டு, மறுபடி குறட்டைவிடப் போய்விட்டார். எழுந்ததும் அதை மறந்தும் போனார்.

ஞாயிறு காலை மூன்று பேர் மலர் வளையத்தோடு வந்து நின்றார்கள்.

வேன் ஆயா அப்போதுதான் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மருந்து கன்னத்தில் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்ததும் உடைந்துபோனார்கள்.

"அண்ணி!" என்று முன்னால் வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான்தான் மருந்துமாமா. ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். அண்ணன் படையில வைத்தியன்." பின்னால் ஒரு பெண். விளையாட்டில் அவள் பெயர் நெருப்புக்கிளி, வெளியில் பல் டாக்டர். கடைசியாக, மாடிப்படி ஏறிய களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு, கதவை முழுக்க அடைத்தபடி ஒருவர். லிப்ட் மெக்கானிக்காம். விளையாட்டில் கண்ணுக்கே தெரியாமல் வந்து கழுத்தை அறுக்கும் 'நிழல்' இவர்தான்.

வேன் ஆயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்கு அண்ணி, யாருக்கு மலர் வளையம்? திரும்பிப் பார்த்தாள். கேஸ்காரர் பேயறைந்தவர் மாதிரி நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருந்தது.

"ஐயா நீங்க?" என்றார் மருந்துமாமா.

"நான்... அவருக்கு அண்ணன்" என்றார் கேஸ்காரர். ஒரு பச்சைப் பொய்யை இன்னொன்றால் மூடுவதில் மனுஷன் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஆக, வேன் ஆயா ஒரே காலையில் செத்தும் போனாள், தனக்கே விதவையும் ஆனாள், கட்டின புருஷனுக்குத் தம்பி மனைவியும் ஆகிவிட்டாள்.

உண்மையைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நிழல், பையிலிருந்து ஒரு பெரிய சட்டம் போட்ட படத்தை எடுத்துவிட்டார். கொம்பு வைத்த தலைக்கவசம், முட்டிவரைக்கும் தாடி, கோடரி. அதைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, மூவரும் எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் பேசப் பேச, வேன் ஆயா சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.

"எல்லாரும் என் உடம்பைப் பாத்து சிரிப்பாங்க அண்ணி" என்றார் நிழல். "அண்ணன் மட்டும்தான், நீ மெதுவா வா, நீ வர்ற வரைக்கும் குகைக் கதவைத் திறக்க மாட்டேன்னு சொன்னாரு. நான் எப்படி இருப்பேன்னே அவருக்குத் தெரியாது. ஆனா சொன்னாரு."

பல் டாக்டர் மூக்கைச் சிந்தினாள். "போன வருஷம் கிளினிக்கை மூடிடலாமான்னு இருந்தேன். வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் என்ன சொன்னாரு தெரியுமா? முதல்ல தண்ணி குடி, அப்புறம் தூங்கு, காலைல எழுந்து யோசின்னாரு. அவ்வளவுதான். எழுந்து யோசிச்சேன். இன்னிக்கும் கிளினிக் நடக்குது."

"ராணுவத்துல எந்தப் பிரிவுல இருந்தாருங்க?" என்று மருந்துமாமா கேஸ்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"போக்குவரத்து" என்றார் கேஸ்காரர். அது ஒன்றுதான் அன்று அவர் சொன்னதில் ஓரளவு உண்மை. அவர் பார்வை மட்டும் மனைவியை விட்டு நகரவில்லை. இந்தப் பெண்பிள்ளையிடமா ஒரு டாக்டர் யோசனை கேட்டாள்? இவள் மின்விசிறியைப் பற்றிச் சொன்னதற்கே நாம் காது கொடுக்கவில்லையே என்று அவருக்கு உறுத்தியது. நிஜமாகவே உறுத்தியது.

பிறகு மருந்துமாமா தொண்டையைக் கனைத்தார். "அண்ணி, இன்னிக்கு சாயங்காலம் எரிமலை உச்சியில அண்ணனுக்கு இரங்கல் கூட்டம் வச்சிருக்கோம். மொத்த உலகமும் வருது. நம்மளைக் கண்டா அடிக்கிற கருங்கழுகுப் படைகூட ஆயுதத்தைக் கீழ போட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டாங்க. கூட்டம் முடிஞ்சதும், வேற யாரும் அவர் பேரைக் கெடுத்துடக் கூடாதுன்னு, இரும்புத்தாடியை நானே அழிச்சிடுறேன். எண் என்கிட்டதான் இருக்கு. அழிச்சிட்டா அப்புறம் யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது."

இன்னும் ஒரு வாரத்தில் டாக்டர் சொன்ன ஒரு மாதம் முடிந்து உள்ளே போகலாம் என்று வேன் ஆயா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். இவன் அழித்துவிட்டால் எங்கே போவது? புதிதாக ஒருவனாகப் போனால் யார் அவள் பேச்சைக் கேட்பார்கள்? வேன், வீடு, புகார் பதிவு என்று பழையபடி ஆகிவிடும்.

"யாரையும் அழிக்க வேணாம்" என்றாள். "நான்தான் இரும்புத்தாடி. நான் சாகல. இவர் என் வீட்டுக்காரர். போன்ல சும்மா சொல்லிட்டாரு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "துக்கத்துல இப்படித்தான் அண்ணி இருக்கும். நல்லா அழுதுடுங்க."

"நான் எதுக்கு அழணும்? இது சொட்டு மருந்து!"

"நிஜமாத்தாங்க" என்று கேஸ்காரரும் சேர்ந்துகொண்டார். "நான் இவளுக்குப் புருஷன்." மருந்துமாமாவின் முகம் இறுகிவிட்டது. தம்பி போய் மூன்று நாள் ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு பேச்சா என்பது போல அவரை மேலும் கீழும் பார்த்தார். "கிளம்பலாம்" என்றார் மற்றவர்களிடம். மூவரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் போய், செருப்பைத் தேடி, கதவருகே இடித்துக்கொண்டார்கள். நிழல் நடுவில் சிக்கிக்கொள்ள, யாரும் வெளியேயும் போக முடியவில்லை, உள்ளேயும் வர முடியவில்லை.

வேன் ஆயாவுக்கு எங்கிருந்தோ அந்தக் கோபம் வந்தது. வேன் படியில் நின்று தினமும் வருகிற அதே கோபம். "தள்ளாதீங்க! தள்றவன் கடைசி! அவ்வளவு தூரம் வண்டியில போகணும், யாராவது பாத்ரூம் போனீங்களா? தண்ணி குடிச்சீங்களா? ஒழுங்கா வரிசையில நில்லுங்க!"

ஜெராக்ஸ் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பாத்ரூம் வாசலில் போய் நின்றார். அவர் பின்னால் பல் டாக்டர். லிப்ட் மெக்கானிக், தான்தான் தள்ளியது என்று ஒப்புக்கொள்வது போலக் கடைசியில் நின்று, அங்கேயே தேம்ப ஆரம்பித்தார். "அண்ணே" என்றார், கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த அம்மாளைப் பார்த்து. "நீங்கதானா அண்ணே."

ஒரு கால் மணி நேரம் ஆனந்தக் கண்ணீர். பல் டாக்டர் அவளைக் கட்டிப்பிடித்து, "நல்லவேளை நீங்க பொம்பளை. அன்னிக்கு அவ்வளவு சொல்லிட்டோமேன்னு எத்தனை நாள் வெட்கப்பட்டேன் தெரியுமா?" என்றாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மருந்துமாமா மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அக்கா, ஒரு சின்ன விண்ணப்பம்" என்றார். "நீங்க உயிரோட இருக்கறது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா கூட்டத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டாச்சு. கருங்கழுகுப் படைத் தலைவன் ரெண்டு நாளா உட்கார்ந்து இரங்கல் உரை எழுதியிருக்கான். இப்பப் போய் ஆள் சாகலன்னா, அனுதாபத்துக்காக நாடகம் போட்டோம்னு நம்மளைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. அதனால..." கொஞ்சம் தயங்கினார். "தயவுசெஞ்சு நீங்க செத்தே போயிடுங்களேன்."

"யோவ்!" என்றது வேன் ஆயா அல்ல, கேஸ்காரர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் கத்துவதைக் கேட்பதுதான் அவர் வேலை. "அவ ஏன்யா சாகணும்? தப்பா சொன்னது நானு. எல்லார் முன்னாடியும் நானே வந்து சொல்றேன். அந்த எரிமலைக்கு எப்படிப் போறதுன்னு மட்டும் சொல்லுங்க."

கூட்டத்துக்கு நேரமாகிறது என்று மூவரும் அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சாயங்காலம் கேஸ்காரர்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னபடி வேன் ஆயா திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வழி சொன்னாள். அவர் தன் வாழ்நாளில் விசைப்பலகையை இப்படிப் பயபக்தியோடு தொட்டதில்லை.

"மேல் அம்புக்குறியை அழுத்துங்க. நடப்பான்."

"நடக்கறான், நடக்கறான். முன்னாடி ஒரு கழுதை நிக்குது."

"அது நிழலோட குதிரை. சுத்திப் போங்க. இப்ப என்ன தெரியுது?"

"அடேயப்பா" என்றார் கேஸ்காரர். மலை உச்சி முழுக்கக் கூட்டம். வாள் ஏந்தியவர்கள், இறக்கை முளைத்தவர்கள், ஓநாய் மேல் உட்கார்ந்தவர்கள், எல்லாரும் தலையைக் குனிந்து நின்றார்கள். நடுவில் நெருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கருங்கழுகுத் தலைவனின் உரை வரி வரியாக ஓடியது. "இவ்வளவு பேரா உனக்கு?" என்று கேட்டார். அவளுக்கே அது தெரியாது.

இரும்புத்தாடி கூட்டத்தை இடித்துக்கொண்டு போனான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாருய்யா அது, அண்ணன் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு? மரியாதை தெரியாதா?" என்று ஒருவன் எழுதினான். "ஒதுங்குய்யா, மறைக்குது" என்றான் இன்னொருவன். தன் இரங்கல் கூட்டத்திலேயே நிற்க இடம் கிடைக்காமல் அவன் எரிமலையின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தான்.

"எல்லாரும் வரிசையில நில்லுங்கன்னு டைப் பண்ணுங்க. அது போதும், தெரிஞ்சுக்குவாங்க" என்றாள் வேன் ஆயா.

கேஸ்காரர் தட்ட ஆரம்பித்தார். ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினார். அவ்வளவு நீளமான வாக்கியம் இல்லையே என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவர் தட்டியது இது: "நான் இரும்புத்தாடி இல்லை. இரும்புத்தாடி என் மனைவி. ஸ்கூல் வேனில் ஆயா. உயிரோடு இருக்கிறாள். தூக்கக் கலக்கத்தில் போனில் செத்துவிட்டாள் என்று நான் பொய் சொன்னேன். இவர்கள் யார் மேலும் தப்பு இல்லை. வீட்டில் அவள் சொல்வதை நான் கேட்பதில்லை. நீங்களாவது கேட்கிறீர்கள். தயவுசெய்து அவளை அழிக்காதீர்கள்."

கருங்கழுகுத் தலைவனின் உரை பாதி வரியில் நின்றது. பிறகு வானத்தில் ஒரு தீப்பந்தம் வெடித்தது. அது நெருப்புக்கிளி விட்டது. அடுத்து பத்து, நூறு. ஓநாய்கள் ஊளையிட்டன, எதிரிகள் எதிரிகளைக் கட்டிப்பிடித்தார்கள். "ஆயா வாழ்க" என்று திரை முழுக்க ஓடியது.

"என்ன சொல்றாங்க?" என்றாள் வேன் ஆயா.

"எல்லாரும் உன்னைக் கூப்பிடுறாங்கடி" என்றார் கேஸ்காரர். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியை நாலு பேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்ற ஆசையில் அம்புக்குறியை அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்க மறந்துபோனார். இரும்புத்தாடி கம்பீரமாக நடந்தான், விளிம்பைத் தாண்டினான், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைகீழாக நெருப்புக் குழம்பில் விழுந்தான். கோடரி ஒரு நொடி மிதந்து, அதுவும் உள்ளே போனது. திரை கறுத்து, 'நீங்கள் இறந்துவிட்டீர்கள்' என்று சிவப்பில் எழுத்து வந்தது.

கேஸ்காரரின் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. "ஏய்" என்றார். "நீ விழுந்துட்ட. நெருப்புக்குள்ள. நான்தான்... விரலை எடுக்கல. ஐயோ, உன்னை நானே கொன்னுட்டேனே."

டாக்டர் பேச்சை மீறி வேன் ஆயா திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றினாள். கேஸ்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பிக்கொண்டிருந்தார். போனில் ஒரே மூச்சில் அவளைச் சாகடித்துவிட்டுக் குறட்டைவிடப் போன மனுஷன் இவர்தான். காலையில் வந்த மூன்று பேரும்கூட இப்படி அழவில்லை. முப்பது வருஷத்தில் தனக்காக இவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

அந்த உலகத்தில் செத்தவர்கள் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அடிவாரத்து மணிக்கூண்டுக்குக் கீழே கோடரியும் தாடியுமாக அப்படியே எழுந்து நிற்பார்கள். வேன் ஆயா அங்கே எத்தனையோ தடவை செத்திருக்கிறாள். கேஸ்காரருக்கு அது தெரியாது. அவள் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முதுகில் கை வைத்தாள். பட்டனைப் பற்றி உடனே சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டுவிட்டாள்.